வெனிசுக்குத் தனியாகப் போகும் சரளாவுக்கு

அன்புள்ள சரளா,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதாவிட்டால் ஞானம்மாள் டீச்சர் கனவில் வந்து நிற்பார், அதனால் அதுவும். பொங்கல் வாழ்த்துக்கே பதில் போடாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று திட்டாதே. நவம்பரில் தனியாக வெனிஸ் போகிறாயாம், தங்குவது மெஸ்ட்ரேயிலாம். பானு சொன்னதிலிருந்து கை பரபரக்கிறது.

மெஸ்ட்ரே கரைப்பக்கத்து ஊர். வாடகை குறைவு, ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், எல்லாம் சரிதான். ஆனால் பகல் கூட்டத்தோடு தீவுக்குள் போய் அதே கூட்டத்தோடு திரும்புவதற்கா இவ்வளவு தூரம்? காலை எட்டுக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும்தான் வெனிஸ் மூச்சுவிடும். ரத்து செய்ய வழியிருந்தால் செய்துவிட்டு, தீவுக்குள் கன்னரேஜோ பகுதியில் தேடு. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து குல்யே பாலம் வரைக்கும் தெரு சமதளம். அதற்கு இந்தப் பக்கமே அறை கிடைத்தால் பெட்டியோடு பாலமேற வேண்டாம். ஊரில் பாலங்கள் 400-க்கு மேல், பெரும்பாலும் படிக்கட்டுப் பாலங்கள். பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க உன்னோடு ஆள் கிடையாது. ஒரு கையால் மாடிக்குத் தூக்க முடிகிற பெட்டிதான் உன் அளவு. அந்தக் கல்யாணச் சூட்கேஸை எடுத்தாயோ, தொலைந்தாய்.

முகவரி விஷயத்தில் எல்லோரும் அங்கே முழிப்பார்கள். 'கன்னரேஜோ, 2,000 சொச்சம்' என்று மட்டும்தான் இருக்கும். கதவிலக்கம் தெருவாரியாக இல்லை, பகுதி முழுவதையும் சுற்றிச் சுற்றி ஓடும். மொத்தம் ஆறு பகுதிகள். கஸ்தெல்லோவில் எண்கள் 6,000-ஐத் தாண்டும். ஒரே தெருப்பெயர் இரண்டு மூன்று பகுதிகளில் வரும். குறுகிய சந்துகளில் கைப்பேசி வரைபடமும் பக்கத்துச் சந்தைக் காட்டும். அதனால் விடுதிக்காரரிடம் மூன்றே கேள்வி: பக்கத்துப் படகு நிறுத்தம் எது, சந்தின் பெயர் என்ன, அருகில் எந்தத் தேவாலயம். வழி தவறினால் சுவரில் 'ரியால்டோ', 'ஃபெரோவியா' என்று அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகைகளைத் தேடு. 'ஃபெரோவியா' என்றால் ரயில் நிலையம்.

பேருந்து மாதிரி ஓடும் வாப்பரெத்தோ படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, ஒருநாள் பாஸ் 25. மூன்று முறை ஏறினாலே பாஸ் லாபம். பாஸ் இருந்தாலும் ஏறும்போதெல்லாம் இயந்திரத்தில் தொட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அபராதம். 1-ஆம் எண் பெருங்கால்வாயில் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். உனக்கு அதுதான். அவசரப்படாதே.

கொண்டோலா ஆசை இருக்கும். பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் ஏறினால் பங்கு போடலாம், நீ ஒருத்தி முழுசும் அழ வேண்டும். ஆடிட்டர் மாமா வீட்டு மருமகளுக்கு இது அடுக்குமா? சாந்தா சோஃபியா துறையில் இரண்டு யூரோ சில்லறையைக் கொடு, அதே மாதிரிப் படகில் எதிர்க்கரை மீன் சந்தையில் இறக்கிவிடுவார்கள். ஞாயிறும் திங்களும் அங்கே மீன் இராது.

இனி தண்ணீர். 2019 நவம்பர் 12-ஆம் தேதி கடல் ஓதம் 187 சென்டிமீட்டர் ஏறி ஊரையே மூழ்கடித்தது. 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில் மோசே கதவுகளைத் தூக்கித் தடுக்கிறார்கள். ஆனால் முன்னறிவிப்பு 110-ஐத் தொட்டால்தான் தூக்குவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வான இடம், 85 வந்தாலே நனையும். ஆகவே நகராட்சியின் ஓத முன்னறிவிப்பைத் தினமும் பார். உச்சம் சில மணி நேரம்தான், பிறகு வடிந்துவிடும். அந்த நேரத்தை ஓவியக்கூடத்தில் கழி. கால்வாய்க்குள் இறங்கும் படிகளில் பாசி பிடித்திருந்தால் மிதிக்காதே. பல கரைகளில் கைப்பிடி கிடையாது. உன் முட்டியை நினைத்துச் சொல்கிறேன். ரவி போனபின் நீ தனியாகக் கிளம்பும் முதல் பயணம். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, படிக்கட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓவியக்கூடம் என்றேனே, ஸ்குவோலா கிராந்தே தி சான் ரோக்கோவைத்தான், ஒரு பழைய பக்திச் சங்கத்தின் கூடம். சான் தோமா நிறுத்தத்தில் இறங்கு. 1564-இல் அங்கே கூரை ஓவியத்துக்குப் போட்டி வைத்தார்கள். மற்றவர்கள் மாதிரி வரைந்துகொண்டிருக்க, ஓவியர் தின்தொரெத்தோ முழு ஓவியத்தையே தீட்டிக் கூரையில் பொருத்திவிட்டு, "இது காணிக்கை" என்றுவிட்டார். காணிக்கையை மறுக்கச் சங்கத்தின் விதி இடம் தரவில்லை. ரங்கநாயகி விடுதிச் செயலாளர் ஆன கதைதான், வேறென்ன! பிறகு இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே தீட்டினார். கீழ்த்தளத்தில் நிற்காமல் நேரே மாடிக்குப் போய், மூலையிலுள்ள சிற்றறையில் தொடங்கு. அந்தக் கூரையும், சுவரை நிறைத்த சிலுவைக் காட்சியும் அங்கேதான். அடுத்து மாடிக் கூடம், கடைசியாகக் கீழ்த்தளம். அவர் வளர்ந்த வரிசை அப்படி. கூரையைப் பார்க்கக் கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள், கழுத்து தப்பிக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்கு. அவசரப்படுத்தக் கூட ஆளில்லாதது இங்கேதான் லாபம்.

சான் மார்க்கோ தேவாலயத்துக்குத் தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், முதுகுப்பை கூடாது. மணிக்கோபுர வரிசையில் நிற்காதே. எதிர்த் தீவு சான் ஜோர்ஜோ மஜோரே கோபுரத்திலும் மின்தூக்கி உண்டு, அங்கிருந்துதான் சான் மார்க்கோ முழுசாகத் தெரியும்.

சாப்பாடு பாக்காரோ என்னும் சின்ன ஒயின் கடைகளில், நின்றபடியே. தனியாக நிற்பவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சைவமென்று கறியை மட்டும் தவிர்த்தால் நெத்திலி வந்துவிடும். "ஸென்ஸா கார்னே, ஸென்ஸா பேஷே", கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சொல். காபியும் நின்றே குடி, உட்கார்ந்தால் விலை ஏறும்.

தூத்துக்குடிக்காரிக்கு ஒன்று: காயலுக்கு வந்து முத்துக்குளிப்பை எழுதிவைத்த மார்க்கோ போலோவின் குடும்ப வீடு, இப்போது மலிப்ரான் அரங்கம் இருக்கும் இடத்தில் இருந்தது. கன்னரேஜோவில்தான். பின்புற முற்றத்துக்கு இன்னும் மிலியோன் என்று பெயர், அவர் புத்தகத்துக்கு இத்தாலியில் வழங்கும் பெயர்தான்.

முரானோ கண்ணாடி மணி வாங்கினால் 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' முத்திரை இருக்கிறதா என்று பார். எனக்கு ஒன்றும் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் நீலம்.

உன்,
வசந்தி