ஐம்பது கேட்டாய், மூன்று அனுப்புகிறேன்

அன்புள்ள குட்டைப்பின்னலுக்கு,

முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு படி. உன் வாசிப்புப் பயிற்சிப் புத்தகத்துக்கு ஐம்பது பத்தி கேட்டாய். பத்திக்கு ஐந்து கேள்வி, எல்லாவற்றுக்கும் ஒரு சொல் விடை. "உனக்கு இதெல்லாம் ஒரு வார வேலை" என்றும் சொன்னாய். ஒரு வார வேலைதான். முப்பத்தாறு பத்திகளை எழுதியும் முடித்துவிட்டேன். அதன் பிறகுதான் அந்தக் குடை விவகாரம் நடந்தது. மூன்று மாதமாகப் பேனாவை எடுத்தாலே கை கூசுகிறது. மூட்டுவலி என்று உனக்குத் தகவல் அனுப்பியது பொய். மூட்டுக்கு ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உன் பதிப்பகத்தாருக்கு அனுப்புமுன் பிள்ளைகளிடம் போட்டுப் பார்ப்போமே என்று மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதினேன். "அமுதா வாசலுக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மீண்டும் உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்." அவ்வளவுதான். வாசலுக்கு வந்தது யார், எதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் என்ற இரண்டுக்கும் வகுப்பே சரியாக எழுதிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு சிறுமி. அச்சடித்த கையெழுத்து, கணீரென்ற வாசிப்பு, எப்போதும் முழு மதிப்பெண். போகிற போக்கில் அவளிடம், "ஏன் குடையை எடுத்தாள்?" என்று கேட்டேன். அவள் கரும்பலகையைப் பார்த்தாள். விரலை நீட்டி வரி வரியாகத் தேடினாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அது இதில் இல்லையே டீச்சர்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தானே? இல்லாததை எங்கிருந்து எடுப்பாள்? தேடச் சொல்லிக் கொடுத்தது நான். எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீ. பயிற்சிப் பள்ளி விடுதியில் மொட்டை மாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தாயே, 'தேடு, பிடி, எழுது' என்று ஒரு மந்திரம். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வாக்கியத்தைப் பிடி, மீதியை எழுது. நம் மூக்குப்பொடி ஐயாகூட மெச்சிக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாக அந்த மந்திரத்தை ஓதியே காலம் தள்ளியிருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் உன் மந்திரத்தை எனக்கு நானே சோதித்துப் பார்த்தேன். நீயும் பார். "நெலுவன் தும்பரியில் மூன்று கவிலுகளைக் கிமட்டினான்." நெலுவன் எங்கே கிமட்டினான்? தும்பரியில். எத்தனை கவிலுகளை? மூன்று. கிமட்டியது யார்? நெலுவன். மூன்றுக்கு மூன்று, போடு நட்சத்திரம்! கவிலு என்பது தின்பதா, தைப்பதா? எனக்கும் தெரியாது. தமிழ் வேற்றுமை உருபுகளுக்கு இருக்கும் வசதி அது. 'இல்' வந்தால் இடம், 'ஐ' வந்தால் செயப்படுபொருள். உருபைப் பிடித்துக்கொண்டே ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடலாம். வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

குடைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அசல் அடி பிறகுதான் விழுந்தது. அந்தச் சிறுமியை விட்டுவிட்டு வகுப்பைப் பொதுவாகக் கேட்டேன். பாதிப் பேர் "மழை" என்றார்கள். ஒரு பையன் மட்டும் "வெயில் டீச்சர்" என்றான். நான் தலையை ஆட்டி, "தப்பு, உட்கார்" என்றேன். அவன் உட்காரவில்லை. "மேகம் இருந்தது என்று எழுதவில்லையே" என்றான். திரும்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில், என் கரும்பலகையில், மழையும் இல்லை, மேகமும் இல்லை. அண்ணாந்து பார்த்தாள் என்பது மட்டும்தான் இருக்கிறது. மழை என் தலைக்குள் பெய்துகொண்டிருந்திருக்கிறது! விடைக்குறிப்பிலும் 'மழை வரும் என்பதால்' என்று எழுதி வைத்திருந்தேன். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை வெயில்களுக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருப்பேன் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. கேலி செய்யாதே, இந்த ஒரு இடத்தில் மட்டும்.

இப்போது "சரி, தப்பு" என்று சொல்வதற்கு முன் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்கிறேன். பத்தியிலிருந்து ஒன்று, உனக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து ஒன்று, இரண்டையும் காட்டு என்கிறேன். முதல் வாரம் மௌன விரதம். இரண்டாம் வாரம் ஒருத்தி, "அண்ணாந்து பார்த்தாள் என்றால் மேலே ஏதோ இருக்கிறது. குடை மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும். அதனால் எது என்று சொல்ல முடியாது" என்றாள். சொல்ல முடியாது என்பதும் ஒரு விடை என்று நாம் எந்தக் காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்?

இன்னொன்றும் கேள். "பூனை எலியைத் துரத்தியது. பொந்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டது." ஒளிந்தது யார்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பூனை என்றார்கள். குற்றம் அவர்கள்மேல் மட்டும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. தமிழில் நாம் எழுவாயைத் தாராளமாக விழுங்கிவிட்டு வினைமுற்றை வைத்து ஒப்பேற்றுகிறோம். 'ஒளிந்துகொண்டது' பூனைக்கும் பொருந்தும், எலிக்கும் பொருந்தும். இலக்கணம் கைவிட்ட இடத்தில், பொந்து யாருடையது, துரத்தப்பட்டவன் என்ன செய்வான் என்ற உலக அறிவுதான் காப்பாற்ற வேண்டும். அதேபோல, "முருகன் கண்ணனிடம் தன் பந்தைக் கேட்டான். தர மறுத்துவிட்டான்." பந்து யாருடையது, மறுத்தது யார்? இதற்கு ஒரு முழுப் பாடவேளை போனது. சண்டையே வந்துவிட்டது. அவ்வளவு சத்தமான வாசிப்பு வகுப்பை நான் கண்டதில்லை.

சத்தமில்லாமல் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். சிரிக்காதே. கோஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்தது. சேர்ந்தது என்றால் கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். என் கணீர்ச் சிறுமிக்கு முதலாவது நூற்றுக்கு நூறு. இரண்டாவதை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் அச்சாகும் தமிழ் இன்னொன்று என்பதையும் சேர்த்துக்கொள். அதனால் இப்போது தினமும் பத்து நிமிடம் நானே உரக்கப் படிக்கிறேன், அவர்கள் கேட்கிறார்கள். நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "எனக்கு இந்த வரி புரியவில்லை, திரும்பப் படிக்கிறேன்" என்கிறேன். டீச்சருக்குப் புரியாமல் போகுமா என்று முதல் நாள் வாயைப் பிளந்தார்கள்.

இன்னொரு கணக்கு உன்னை நோகடிக்கும், என்னை நோகடித்தது. டர்கின் என்ற அம்மையார் அமெரிக்காவில் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை உட்கார்ந்து கவனித்து 1978-79இல் எழுதினார். பார்த்தது 4,469 நிமிடங்கள். எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர்கள் கற்பித்தது 20 நிமிடங்கள். மற்ற நேரத்தில் பெரும்பாலும் கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். நம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த இருபதும் தேறியிருக்குமா? உன் புத்தகத்தின் பெயரிலேயே பயிற்சி இருக்கிறது. நாம் பயிற்சி என்பது உண்மையில் தேர்வுதானே!

திக்கித் திக்கிப் படிப்பானே ஒருவன், போன கடிதத்தில் புலம்பியிருந்தேனே, அவனைப் பற்றி நல்ல செய்தி. சைக்கிள் சக்கரம் பஞ்சரானதைப் பற்றி ஒரு பத்தி. தடவித் தடவித்தான் படித்தான். ஆனால் ட்யூபை ஏன் தண்ணீரில் அமுக்கினார்கள் என்று கேட்டதும், குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை என்று பத்தியில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான். கணீர்ச் சிறுமி அவனை அதிசயமாகப் பார்த்தாள். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தபோதும் இதே கதைதான். நன்றாகப் படிக்கக்கூடிய, ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, படிப்பில் பின்தங்கிய, ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அதிகம் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படியானால் ஐம்பது பத்தி ஐம்பது விஷயத்தைப் பற்றி இருந்து என்ன பயன்? ஒரே விஷயத்தில் ஐந்தாறு பத்தி அடுத்தடுத்துக் கொடுத்தால் ஆறாவதுக்கு வரும்போது பிள்ளைக்கு ஏதாவது தெரிந்திருக்கும். இதை உன் பதிப்பகத்தாரிடம் சொல்லிப் பாரேன்.

பிள்ளைகளையே ஆசிரியராக்கும் முறையும் முயன்றேன். பாலின்சர், பிரவுன் 1984இல் எழுதியது: சுருக்கிச் சொல், கேள்வி கேள், புரியாததைத் தெளிவாக்கு, அடுத்து வருவதை ஊகி. அவர்கள் செய்தது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு. என் பொடியன்களுக்கு நான்கும் தாங்கவில்லை. ஆசிரியர் நாற்காலியில் ஏறியவன் என் குரலிலேயே "கையைக் கட்டு, வாயை மூடு" என்று ஆரம்பித்துவிட்டான். பத்தியை யாரும் தொடவே இல்லை. இப்போது ஊகிப்பதும் கேள்வி கேட்பதும் மட்டும். பத்தியில் விரலை வைத்து விடை காட்ட முடிந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு புள்ளி, முடியாவிட்டால் இரண்டு. வந்து குவிகிறது. "அமுதா வாசலைப் பூட்டினாளா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தோன்றியிருக்குமா?

ஆகவே குட்டைப்பின்னல், ஐம்பது வராது. எழுதிய முப்பத்தாறில் முப்பத்து மூன்றைக் கிழித்துவிட்டேன். மீதி மூன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்: குடை, பூனை, பஞ்சர். ஒரு சொல் விடை திருத்துவதற்கு எளிது என்று பதிப்பகத்தார் சொல்வார்கள், தெரியும். பிள்ளை தன் காரணத்தை எழுத நான்கு வரி இடம் விடச் சொல். விடைக்குறிப்பு கேட்டால் 'காரணத்தைப் பார்க்கவும்' என்று போடு. ஒப்பவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கட்டும். உனக்கு அதனால் சங்கடம் வரும் என்பதும் தெரியும். அதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், கிழித்ததற்கு இல்லை.

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா? நம் வாயாடிக்கு மாற்றல் வந்துவிட்டது, ஒரே கொண்டாட்டம். மற்றவை வழக்கம்போல.

உன் பேரனிடம் பூனைப் பத்தியை இன்றே போட்டுப் பார். பூனைதான் ஒளிந்தது என்று அவன் சொன்னால் திருத்திவிடாதே, உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். ஏன் என்று மட்டும் கேட்டு, அவன் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி அனுப்பு.

உன்,
ஒட்டடைக்குச்சி