பந்து ஓடும்போது கிம்பலுக்கு கட் பண்ணாதீர்கள்

நேரலை விளையாட்டு ஒளிபரப்பின் இயக்குநர்களுக்கும் தயாரிப்புத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

'சினிமா லுக் வேண்டும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா ஒன்றைக் கிம்பலில் (குலுங்காமல் பிடிக்கும் கைத்தாங்கி) ஏற்றி மைதானத்துக்குள் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசைப்படுவதில் தவறில்லை. 2020 டிசம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒரு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டத்தில் மிரர்லெஸ் கேமராவை (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய புகைப்படக் கேமரா) இறக்கியபோது, பின்னணி கரைந்து வீரர் மட்டும் துலங்கிய படத்தை 'வீடியோ கேம் மாதிரி இருக்கிறது' என்று ரசிகர்கள் வியந்தார்கள். ஆனால் அந்தப் படம் திரைக்கு வந்தது டச்டவுன் (அந்த ஆட்டத்தில் புள்ளி எடுப்பது) முடிந்து வீரர்கள் கொண்டாடியபோது. பலரும் கேமராவைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள், அது எப்போது திரைக்கு வந்தது என்பதை விட்டுவிட்டார்கள்.

வழக்கமான ஒளிபரப்பு கேமராவின் 2/3 அங்குல சென்சாருக்கு மூலைவிட்டம் 11 மி.மீ., ஃபுல் ஃப்ரேமுக்கு 43 மி.மீ. ஒரே இடத்தில் நின்று ஒரே ஃப்ரேமிங் வைத்தால், முன்னது எஃப் 4-இல் (லென்ஸ் துவார அளவு; எண் கூடினால் துவாரம் சுருங்கும்) தரும் ஃபோகஸ் ஆழத்துக்கு, அதாவது தெளிவாகத் தெரியும் தூர வரம்புக்கு, பின்னதை எஃப் 16 வரை மூட வேண்டும். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 2, ஆள் 3 மீட்டரில் என்றால் தெளிவாக இருப்பது சுமார் 15 செ.மீ. மட்டுமே. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கேமராவை நோக்கி வருபவர் அதை 0.03 நொடியில் தாண்டிவிடுவார். நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும் ஒளிபரப்பில் அது ஒன்றரை ஃபிரேம். ஆட்டோஃபோகஸ் முகத்தைப் பிடிக்கும்தான். குறுக்கே இன்னொருவர் வந்தால் அவர் முகத்துக்குத் தாவிவிடும், ஹெல்மெட் இருந்தால் கம்பியிலேயே நின்றுவிடும். 50 மி.மீ., எஃப் 2.8 வைத்தால் அதே 3 மீட்டரில் சுமார் 60 செ.மீ. கிடைக்கும், பின்னால் கூட்டமும் போதுமான அளவு மங்கும். எஃப் 1.4 லென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக அதை முழுக்கத் திறந்தே வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது தாமதம். இதுதான் எங்கள் முக்கியமான புகார். மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜென்லாக் (எல்லாக் கேமராக்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் வசதி) கிடையாது. எச்டிஎம்ஐ வெளியீடு, அதை ஒளிபரப்புக் கேபிளுக்கு மாற்றும் எஸ்டிஐ கன்வெர்ட்டர், வயர்லெஸ் இணைப்பு, ஓபி வேனில் (மைதானத்தில் நிற்கும் ஒளிபரப்பு வண்டி) படங்களை ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும் ஃபிரேம் சிங்க் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். மொத்தம் 5 ஃபிரேம் என்றால் 100 மில்லி நொடி. மெயின் கேமராவிலிருந்து இதற்கு மாறினால், முடிந்த அசைவின் வால் மறுபடி தெரியும். இதிலிருந்து மெயினுக்குத் திரும்பினால் அசைவில் ஒரு துண்டு காணாமல் போகும். அளப்பது சுலபம்: இரண்டு கேமராவையும் ஒரே கிளாப்பர் பலகைக்குத் திருப்புங்கள், ரீப்ளே சர்வரில் பதிவு செய்யுங்கள், பலகை மூடும் ஃபிரேம்களின் வித்தியாசத்தை எண்ணுங்கள். பேட்டிக்கு இந்தக் கேமரா ஆன் ஏர் போகும்போது, மைக்கையும் அதே அளவு தாமதப்படுத்தினால்தான் உதடும் குரலும் சேரும். திரும்பி வந்ததும் அந்தத் தாமதத்தை எடுக்க ஆடியோவில் இருப்பவருக்கு நினைவூட்ட வேண்டும்.

சினிமாத்தனத்துக்காக 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் கேட்கிறீர்கள். மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து 1/50 நொடியில் 78 செ.மீ. போய்விடும். அவ்வளவும் ஒரே ஃபிரேமில் கோடாக இழுபடும், அடுத்த ஃபிரேமுக்குள் பந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இந்தப் படத்தை மூன்றாவது நடுவரின் திரைக்கு அனுப்பவே கூடாது. எல்இடி விளம்பரப் பலகையில் பட்டை ஓடினால் ஷட்டரைச் சிறுசிறு அளவில் நகர்த்தும் வசதி வேண்டும், எல்லா மிரர்லெஸ்ஸிலும் அது இருக்காது. பலகை இயங்கும்போது மைதானத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. மற்ற கேமராக்களின் ஐரிஸ் (லென்ஸ் துவாரம்) கட்டுப்பாடு வேனில் ஷேடிங் மேசையில் (ஒளியையும் நிறத்தையும் சரிசெய்யும் இடம்) இருக்கிறது, கிம்பல் கேமராவுடையது ஆபரேட்டரின் கட்டைவிரலில். புகைப்பட லென்ஸின் ஐரிஸ் பெரும்பாலும் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது) படிகளாகத் தாவும், அது திரையில் அப்படியே தெரியும். வெயிலிலிருந்து கூரை நிழலுக்குள் நடக்கும்போது ஐரிஸைத் தொடாமல் வேரியபிள் என்டி ஃபில்டரை (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) திருப்புவது மேல், ஆனால் அதை அகலமான லென்ஸில் கடைசி வரை திருப்பினால் நடுவில் கருப்பாக எக்ஸ் வடிவம் விழும். கேமரா லாக்-இல் (பிறகு நிறம் சரிசெய்வதற்கான வெளிறிய பதிவு) எடுத்தால் அதற்கென்று தனி லட் பெட்டியை (அதை இயல்பான நிறத்துக்கு மாற்றும் கருவி) வேனில் வையுங்கள், அதை ஷேடிங் செய்பவர் கையில் கொடுங்கள். கேமராவுக்குள்ளேயே 'அழகான' பிக்சர் புரொஃபைல் போட்டு அனுப்பினால், மெயின் கேமராவில் இருக்கும் ஜெர்சியின் நிறம் இதில் வேறாகத் தெரியும், அதைப் பிறகு யாரும் சரிசெய்ய முடியாது.

பாதுகாப்பும் உண்டு. 2022 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் ஸ்பைடர்கேம் தென்னாப்பிரிக்க வீரர் ஆன்ரிக் நோர்கியாவை இடித்துக் கீழே தள்ளியது. கம்பியில் தொங்கும் கேமராவுக்கே இப்படி என்றால், கண்ணை மானிட்டரில் வைத்துப் பின்னோக்கி நடக்கும் ஆபரேட்டரை நினைத்துப் பாருங்கள். அவர் இடுப்பைப் பிடித்து வழிநடத்த ஒரு உதவியாளர் கட்டாயம் வேண்டும். எச்டிஎம்ஐ பிளக் கழன்றால் படம் கருப்பாகிவிடும், கேஜில் (கேமராவைச் சுற்றியுள்ள உலோகச் சட்டம்) கேபிளை இறுக்கும் கிளாம்ப் இல்லாமல் கேமராவை வெளியே அனுப்பாதீர்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். கிம்பலுக்கு கட் பண்ணும் தருணங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்: டாஸ், அணிகள் நுழைவது, விக்கெட் அல்லது கோலுக்குப் பின், ஆட்ட முடிவு. பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். ஆபரேட்டருக்கு டாலி விளக்கும் (தன் படம் ஆன் ஏரில் இருப்பதைக் காட்டும் விளக்கு) டாக்பேக்கும் (வேனிலிருந்து பேசும் காதுக்கருவி) கொடுங்கள். தான் ஆன் ஏரில் இருப்பது தெரியாதவர் அந்த நொடியில்தான் ஃபோகஸைச் சோதித்துப் பார்ப்பார்.

இப்படிக்கு,
மைதான ஓரத்திலும் ஓபி வேனிலும் வேலை செய்யும் கேமரா, ஷேடிங் குழுவினர்