ஒன்பதாம் வகுப்பில் எங்களைத் தனியாக விட்டுவிடாதீர்கள்

பள்ளிக்கல்வி அதிகாரிகளுக்கும் பி.எட். கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பயிற்சி ஆசிரியையாக இருக்கிறேன். பி.எட். படிப்பை 2015இல் இரண்டு ஆண்டாக்கி, அதில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி என்று வைத்தது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். அனுபவமுள்ளவர் பாடம் நடத்துவதை நாங்கள் பார்க்க வேண்டும், அப்புறம் அவர் பார்க்க நாங்கள் நடத்த வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. வந்த வாரமே சாக்பீஸைக் கையில் கொடுத்து, "ஒன்பதாவதைப் பார்த்துக்கோங்க மிஸ்" என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் 'ஒளி' பாடம். குழி ஆடியைக் காட்ட வீட்டிலிருந்து எவர்சில்வர் கரண்டிகளை எடுத்துப் போயிருந்தேன். கணக்கு டீச்சர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டதால் 'பி' பிரிவுப் பிள்ளைகளையும் என் வகுப்பிலேயே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பெஞ்சில் இடம் போதாமல் பாதிப் பேர் தரையில். கரண்டி யார் கைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. சரி, எழுதிக்கொள்ளட்டும் என்று வரையறைகளைப் போர்டில் எழுதிப் போட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பையனின் நோட்டில் எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. 'ஆடி' என்ற சொல்லில் விரலை வைத்துக் காட்டினேன். அதுவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "அவனுக்குப் படிக்க வராது மிஸ். ஆனா நல்லா எழுதுவான்."

இத்தனை வருடமாகப் போர்டில் இருப்பதை அப்படியே வரைந்து வரைந்து ஒன்பதாம் வகுப்பு வரை வந்திருக்கிறான். பதினான்கு வயதுப் பையனுக்கு அவன் நண்பர்கள் முன்னால் 'அ'விலிருந்து தொடங்கினால் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டான். வேறு எப்படித் தொடங்குவது? அதைத்தான் நான் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. என் வழிகாட்டி ஆசிரியர் நல்லவர், விவரம் தெரிந்தவர். ஆனால் அவருக்குக் காலையிலும் மாலையிலும் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், இடையில் பள்ளி, மாணவர் விவரங்களை அரசின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலை. கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் என் சார்ட்டையும் பாடக்குறிப்பையும் பார்த்தார். ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ரெக்கார்டில் நோக்கம், ஊக்குவித்தல், மதிப்பீடு எல்லாம் இருக்கிறது. அந்தப் பையன் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் இரண்டு பாடவேளையாவது வழிகாட்டி ஆசிரியர் எங்கள் வகுப்பில் உட்கார வேண்டும். ஹவுஸ் சர்ஜனை ஆபரேஷன் தியேட்டரில் தனியாக விட்டுவிட்டுப் பெரிய டாக்டர் வெளியே போக மாட்டார். இங்கே மட்டும் அது எப்படிச் சரியாகிறது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் வரும் என்பதால் அனுபவசாலிகள் எல்லோரையும் அங்கே போடுகிறீர்கள். ஒன்பதாம் வகுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் அது பயிற்சி ஆசிரியர்களுக்கு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் வேலைக்கு அனுப்புங்கள், சட்டம் இடம் தருகிறது. அவர் விட்டுப்போகும் வகுப்புக்கு ஆள் போடுவது யார் பொறுப்பு? காலியிடங்களை 2022இல் மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியர்களை வைத்து நிரப்பினீர்கள். அந்தச் சம்பளம்கூட இல்லாமல் நாங்கள் கிடைக்கிறோம் என்பதற்காக எங்களை வைத்து நிரப்பலாமா? ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) பாஸ் செய்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் உதவித்தொகை கேட்கவில்லை, வேலை குறைவாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. அடுத்த குழுவைப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஆணையிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: வழிகாட்டி ஆசிரியர் வாரம் இரண்டு பாடவேளை பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை தரக் கூடாது. தயவுசெய்து இந்தக் கல்வியாண்டிலேயே செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
பி.எட். பயிற்சி ஆசிரியை,
சென்னை