ஹாக்னியில் ஒரு பபூன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவன் வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்ததில் ரொம்ப சந்தோஷம். பந்தியில் அக்காரவடிசல் போட்டதை இரண்டு தடவை எழுதியிருக்கிறாய், வயிறு எரியட்டும் என்றுதானே? முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றது டாக்டரா, டீக்கடை பெஞ்சா என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். 25-ஆம் தேதி லண்டனில் பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். லீவு நாட்களை எப்படித்தான் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தாயே, பதில் சொல்கிறேன், சிரிக்காதே. மகள், மருமகன், பேரன், பேத்தி, நாங்கள் இரண்டு கிழங்கள் என்று குடும்பமாகக் கிளம்பிப்போய் நாடகம் பார்த்தோம். அதுவும் குழந்தைகள் நாடகம். இங்கே அதற்குப் பான்டமைம் என்று பெயர், செல்லமாகப் பான்டோ. பெயரைப் பார்த்து ஊமைக்கூத்து என்று நினைத்துவிடாதே. இவ்வளவு சத்தமான நாடகத்தை நீ நம் ஊர்ப் பொட்டலில்தான் பார்த்திருப்பாய்.

பார்த்த இடம் கிழக்கு லண்டனில் ஹாக்னிப் பேட்டையில் இருக்கிற ஹாக்னி எம்பயர் தியேட்டர். ஹாக்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சுட்ட களிமண் அலங்காரமும் மேலே கும்மட்டங்களுமாக முகப்பு நிற்கும். பக்கத்துக் கட்டடத்தில் ஹாக்னி எம்பயர் என்று ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துகள். தியேட்டர் 1901 டிசம்பரில் திறந்தது. கட்டியவர் ஃபிராங்க் மாட்சம். இந்த நாட்டில் பழைய தியேட்டர் எதற்குள் நுழைந்து யார் கட்டியது என்று கேட்டாலும் பாதிக்குப் பாதி இவர் பெயரைத்தான் சொல்வார்கள். லண்டன் கொலிசியம், பல்லேடியம் எல்லாம் அவர் கை. மாடிகளைத் தூண் முட்டுக்கொடுக்காமல் முன்னால் நீட்டிக் கட்டுவதில் மனிதர் கெட்டிக்காரர். பின்வரிசைக்காரன் தூணுக்குப் பின்னால் கழுத்தை ஒடிக்கவேண்டிய அவசியமில்லை. மின்விளக்கும், கட்டடம் முழுக்கக் கதகதப்பு ஏற்பாடும், சினிமா காட்ட ஒரு புரொஜெக்டர் அறையும் 1901-லேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்போது சினிமாவுக்கே ஆறேழு வயதுதான்!

அந்தக் காலத்தில் இது மியூசிக் ஹால். பாட்டு, ஆட்டம், ஜோக், வித்தை என்று ஆள் மாற்றி ஆள் வந்துபோகும் மேடை. சாப்ளின் இங்கே நடித்திருக்கிறார், லாரல்-ஹார்டி ஜோடியில் வருகிற ஸ்டான் லாரலும்தான். அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, கூட்டம் குறைந்தது. கொஞ்ச நாள் டிவி ஸ்டூடியோவாக ஓட்டினார்கள். 1963-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல், நம்பர் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடித்துப் பணம் வைத்து ஆடுகிற பிங்கோ ஆட்டத்துக்கான கூடம். நம் ஊர் டாக்கீஸெல்லாம் கல்யாண மண்டபமானதே, அதே கதைதான். ஆனால் இங்கே கதை திரும்பியது. 1986-ல் ஒரு நாடகக் கோஷ்டி கட்டடத்தை வாங்கி மறுபடி மேடையாக்கியது. 2001-லிருந்து 2004 வரை மூடிவைத்துப் பழுதுபார்த்துத் திறந்தார்கள். இப்போது பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற சிவப்பு நாற்காலிகளைப் பார்த்தால் ஒரு காலத்தில் இங்கே பிங்கோ நம்பர் கூப்பிட்டார்கள் என்றே தோன்றாது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். சின்டரெல்லா, அலாவுதீன், ஜாக்கும் பீன்ஸ் கொடியும் என்று ஏழெட்டுக் கதைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் மாற்றி மாற்றிப் போடுவார்கள். வள்ளி திருமணத்துக்குப் போகிறவன் வள்ளிக்குக் கல்யாணம் ஆகுமா என்று தெரிந்துகொள்ளவா போகிறான்? அந்த மாதிரி. வில்லன் மேடையின் இடப்பக்கமிருந்துதான் வருவான், தேவதை வலப்பக்கமிருந்து. இரண்டு பேரும் எதுகை போட்ட வசனம்தான் பேசுவார்கள். வில்லன் தலை தெரிந்ததும் ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து 'பூ...' என்று ஊளையிடவேண்டும். அவன் 'இல்லை' என்றால் நாம் 'ஆமாம்' என்று கத்தவேண்டும். பேய் பின்னால் வந்து நின்றால் 'உனக்குப் பின்னாலே!' என்று அலறவேண்டும். கோமாளி தப்பான பக்கம்தான் திரும்புவான். பேரன் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான், பாதி இங்கிலீஷில். பேய் ரொம்பக் கிட்டே வந்ததும் 'டேய், பின்னால பாருடா!' என்று தமிழ் வந்துவிட்டது. முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பேத்திக்கு நாலு வயது. வில்லன் முதல் தடவை புகையோடு வந்தபோது என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எழுந்து வெளியே தூக்கிப்போகலாமா என்று யோசித்தேன். அதற்குள் சுற்றியிருந்த வாண்டுகளெல்லாம் ஊளையிட ஆரம்பித்தன. மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தாள். அவளும் ஒரு 'பூ' போட்டாள். வில்லன் முகத்தைச் சுளித்ததும், தான் கத்தித்தான் சுளித்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். இடைவேளைக்குப் பிறகு அவன் எப்போது வருவான் என்று நச்சரிப்பு. நம் சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிய சனீஸ்வரன் வேஷத்தைப் பார்த்துக் கர்ப்பிணி ஒருத்தி பயந்துபோனதாகவும், அதோடு அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்களே. இவர்கள் அந்தப் பயத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து ஊதித்தள்ளச் சொல்லிவிடுகிறார்கள். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று பட்டது.

உனக்கு ரொம்பப் பிடிக்கப்போவது டேம். கதாநாயகனின் அம்மாவாகவோ சமையல்காரியாகவோ வருகிற கிழவி, போடுவது ஆண்பிள்ளை. அவ்வையார் வேஷம் கட்டி அவ்வை சண்முகம் ஆனவரைப் பார்த்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் அவ்வைக்கு இருந்த மரியாதை இந்தக் கிழவிக்குக் கிடையாது. சீனுக்கு ஒரு கவுன், கவுனுக்கு ஏற்ற கொண்டை. ஒரு கவுனில் டீப்பாத்திரம் வைத்துத் தைத்திருந்தது, இன்னொன்றில் பழக்கடையே தொங்கியது. வந்ததும் முன்வரிசைகளை நோட்டம் விட்டு ஒரு ஆம்பளையைப் பிடிப்பாள். அன்றைக்கு மாட்டியது நம் வீட்டு மருமகன்! கல்யாணத்தில்கூட மாலையை மாற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்ட பையன் அவன். பெயரென்ன என்று கேட்டு, அதை மூன்று விதமாக நீட்டிச் சொல்லிப் பார்த்து, 'இன்று ராத்திரி என் மாப்பிள்ளை இவர்தான்' என்று அறிவித்துவிட்டாள். அதற்கப்புறம் மேடைக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு கண்ணடிப்பு. மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். என் வீட்டுக்காரி மட்டும், 'இதென்ன மாப்பிள்ளையைப் போய் இப்படி' என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். கடைசியில் அவளும் கைதட்டினாள். அவனோ, வாழ்நாளிலேயே முதல் தடவையாக, எழுந்து ஒரு கும்பிடு போட்டான்.

பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊர் நாடகத்தில் வருகிற கோமாளி பபூனை அப்போது நினைக்காமல் இருக்க முடியுமா? அவனும் இப்படித்தான், கதை கிடக்கட்டும் என்று தலையாரியையும் பெட்டிக்கடைக்காரரையும் பெயர் சொல்லி வம்புக்கிழுப்பான். பெரியவர்களுக்கு ஒரு அர்த்தமும் சின்னவர்களுக்கு ஒரு அர்த்தமுமாகப் பேசுவான். இடையில் நிறுத்தி மைக்கில் அன்பளிப்புக் கொடுத்தவர் பட்டியலைப் படிப்பான். நம்பமாட்டாய், அதுவும் இங்கே உண்டு! கடைசிக் கட்டத்தில் பாட்டு எழுதிய படுதாவை இறக்கிக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பாடவைப்பார்கள். அந்தச் சாக்கில் அன்று பிறந்தநாள் கொண்டாடுகிற பிள்ளைகளின் பெயர், வந்திருக்கிற கோஷ்டிகளின் பெயர் எல்லாம் வாசிக்கப்படும். தன் பெயர் வந்ததும் மாடியிலிருந்து ஒரு பயல் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை ஆர்மோனியப் பெட்டியும் அடக்கியிருக்காது. பழைய வழக்கப்படி ராஜபார்ட்டைப் பெண்ணே கட்டுவதும் உண்டு. நந்தனாராக நடித்த சுந்தராம்பாள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

இது எப்படி இப்படி ஆனது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1737-ல் ஒரு சட்டம். அதற்கப்புறம் லண்டனில் வசன நாடகம் போட இரண்டு பெரிய தியேட்டர்களுக்கே உரிமை. மற்றவர்கள் ஆட்டம், பாட்டு, சேஷ்டை என்று பிழைத்தார்கள். ஜோசப் கிரிமால்டி என்ற கோமாளி அந்தச் சேஷ்டையை வைத்தே லண்டனைக் கட்டிப்போட்டான். 1843-ல் அந்த ஏகபோகம் போனது, பேச்சு உள்ளே வந்தது. பிறகு டிரூரி லேன் தியேட்டர்காரர் மியூசிக் ஹால் ஆட்களைக் கூட்டிவந்து பான்டோவில் விட்டார். டான் லீனோ என்கிற குட்டை மனிதர் டேம் வேஷத்தில் வருஷாவருஷம் பின்னியெடுத்தார். ஆகவே ஹாக்னி மாதிரி பழைய மியூசிக் ஹாலில் பான்டோ நடப்பது பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரிதான். அந்தக் கிரிமால்டிக்காக இன்றும் பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை ஹாக்னிப் பக்கத்துச் சர்ச் ஒன்றில் கோமாளிகள் முழு வேஷத்தோடு வந்து ஜெபம் செய்கிறார்கள். அதையும் ஒருமுறை பார்த்துவிடவேண்டும்.

சாப்ளின் சமாச்சாரம் ஒன்று. 1900 கிறிஸ்துமஸுக்கு லண்டன் ஹிப்போட்ரோமில் சின்டரெல்லா போட்டபோது பதினொரு வயதுப் பையன் சாப்ளினுக்குப் பூனை வேஷம். கதையில் இல்லாததாக, நாய் வேஷக்காரனின் பின்பக்கத்தை மோந்துபார்த்து, சுவரோரம் காலைத் தூக்கியிருக்கிறான்! கூட்டம் சிரித்தது, நிர்வாகி பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தாராம். அந்த ஹிப்போட்ரோமும் மாட்சம் கட்டியதுதான்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எங்கே பான்டோ பார்த்தாலும் குடும்பமாகப் போனால் டிக்கெட் பர்ஸைக் கடிக்கும். மின்னுகிற கோல் ஒன்று விற்பார்கள். ஒரு பிள்ளைக்கு வாங்கினால் இன்னொன்றுக்கும் வாங்கவேண்டும், ராத்திரிக்குள் இரண்டும் அணைந்துவிடும். சில ஊர்களில் டிவி முகங்களைக் கொண்டுவந்து போஸ்டரில் போட்டுவிட்டு நாடகத்தைக் கோட்டைவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஹாக்னிப் பேட்டையின் பஸ்ஸையும் வாடகையையும் கிண்டல் பண்ணத் தெரிந்த டேம்தான் எனக்கு டேம். கூட்டமும் பேட்டையைப் போலவே இருக்கும். ஆப்பிரிக்கப் பாட்டிகள், துருக்கிக் குடும்பங்கள், நாம், எல்லாரும் ஒரே ஜோக்குக்குச் சிரிக்கிறோம்.

பணம் பிடுங்குகிறார்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இந்த நாட்டில் பல பழைய தியேட்டர்களுக்கு இந்த ஆறேழு வார வசூல்தான் வருஷச் சோறு. தை மாதம் வருகிற பெரிய கவியின் நாடகத்துக்குக் கரண்டு பில் கட்டுவது மார்கழியின் கிழவி. 2020 டிசம்பர் நடுவில் கொரோனாவுக்காக லண்டன் தியேட்டர்களை மூடியபோது அதனால்தான் அவ்வளவு அடி. காலை ஆட்டத்துக்குப் பள்ளிக்கூடங்கள் வரிசையாக வரும். பல பிள்ளைகள் வாழ்க்கையில் முதலில் பார்க்கிற மேடை இதுதான். சத்தமும் இருட்டும் தாங்காத பிள்ளைகளுக்கென்று தனி ஆட்டமும் நடத்துகிறார்கள். விளக்கை முழுக்க அணைக்கமாட்டார்கள், வெடிச்சத்தம் கிடையாது, பிள்ளை எழுந்து ஓடலாம், கத்தலாம். எங்கள் தெருவில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் அப்படித்தான் பார்த்தான். யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இரண்டு மணி நேரம் வெளியே இருந்தது எனக்கு அதுவே முதல் தடவை என்று அவன் அம்மா சொன்னாள்.

ஒரு சின்ன விஷயம் மிச்சம். பான்டோவின் கடைசி இரண்டு வரி வசனத்தை ஒத்திகையில் சொல்லவே மாட்டார்களாம். ஜனம் எதிரே உட்கார்ந்த முதல் நாள்தான் வாயிலிருந்து வரும், முன்னாலேயே சொன்னால் ஆகாது என்று நம்பிக்கை. வேஷம் கட்டுவதற்கு முன்னால் மேடையைத் தொட்டுக் கும்பிடுகிற நம் ஆட்களிடம் சொல்லிப்பார், தலையாட்டுவார்கள்.

இந்த வருஷம் பங்குனிக்கு எந்த செட்டுக்குப் பேசியிருக்கிறார்கள், பபூன் யார் என்று எழுது. தேதி தெரிந்தால் லீவு போட்டுக்கொண்டு வரப் பார்க்கிறேன், இராத்திரி முழுக்க உட்கார இடுப்பு ஒத்துழைத்தால். பதிலுக்கு நீயும் தங்கச்சியும் வருகிற டிசம்பர் இங்கே வரவேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தாயா இல்லையா? முன்வரிசை டிக்கெட்டெல்லாம் பல மாதம் முன்னாலேயே போய்விடும், அதனால் சித்திரைக்குள் பதில் சொல். ஓரத்து சீட்டாகப் போட்டுத் தருகிறேன், உன் முழங்காலுக்கும் வசதி, டேம் கண்ணுக்கும் நன்றாகப் படும்.

உன் அன்பு மச்சான்