கொட்டாய்னா எந்தக் கொட்டாய்? நம்ம பஞ்சாயத்துக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

நம்ம பஞ்சாயத்துல இருக்குற பெரியவங்களுக்கும், அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்களுக்கும், முக்கியமா 108க்கு போன் போட்டவுடனே கத்த ஆரம்பிக்கிற ஆளுங்களுக்கும் (அதுல நானும் ஒருத்தன், அத பின்னாடி சொல்றேன்) வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து ஞாயித்துக்கிழமை விடியுற வரைக்கும் நம்ம பக்கத்து தீயணைப்பு நிலையத்துல உக்காந்திருந்தேன். பர்ஸ்ட் எய்டு ட்ரெயினிங் முடிச்ச நாலு பேருக்கு ஒரு ராத்திரி கூட இருந்து பாக்க பர்மிஷன் குடுத்தாங்க, மத்த மூணு பேரும் கல்யாணம் காதுகுத்துன்னு கழண்டுக்கிட்டாங்க, நான் மட்டும் போனேன். அந்த காம்பவுண்டுக்குள்ளயே ஒரு 108 வண்டியும் நிக்கும், அதனால ரெண்டு டீம் வேலையும் பாக்க முடிஞ்சுது. எந்த ஸ்டேஷன், யார் டூட்டின்னு எழுத மாட்டேன், அவங்களுக்கு எதுக்கு தேவையில்லாத தலவலி.

தீ பாக்கப் போறோம்னு நெனச்சுதான் போனேன். ராத்திரி பூரா ஒரு பொறி கூட பாக்கல. முதல் போனே பாம்புதான். ஏழரை மணிக்கு ஒரு அம்மா, "சார் பாத்ரூமுக்குள்ள பூந்துடுச்சு சார், மாரியம்மன் கோயில் பக்கத்துல சார், சீக்கிரம் சார்", டொக். நம்ம மாவட்டத்துல மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எதுங்க? திருப்பிக் கூப்பிட்டா பிஸி, ஏன்னா அந்த அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் பாம்பு வந்த கதைய சொல்லிட்டு இருக்காங்க. நாலாவது தடவ எடுத்தாங்க. போய் சேர்ந்தப்ப தெருவே அந்த வீட்டு முன்னாடி நிக்குது. பாம்பு சாரைதான். கொக்கியால இழுத்து சாக்குல போட்டு கட்ட ரெண்டு நிமிஷம் ஆச்சு, வீட்ட கண்டுபிடிக்க ஆனது இருபது நிமிஷம்.

இதுக்குத்தான் இந்த மடல். அந்த ராத்திரி பாத்த மூணு கால்லயும் வண்டி லேட்டா கெளம்பல, டிரைவர் மெதுவா ஓட்டல. எந்த ஊர், எந்தக் கொட்டாய் (காட்டுக்குள்ள வீடுங்க இருக்குற சின்ன குடியிருப்பு) னு எடம் சரியா தெரியாததுதான் சிக்கல்.

108 எப்படி வேலை செய்யுதுன்னு நம்மள்ள பாதி பேருக்கு தெரியாது, எனக்கும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. 2008லேர்ந்து நம்ம ஸ்டேட்ல ஓடுது, இருந்தும் நாம அடிச்சா அந்த போன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போகுதுன்னு நெனச்சுட்டு இருக்கோம். போறது சென்னைக்கு. தேனாம்பேட்டை டிஎம்எஸ் (மருத்துவத் துறை ஆபீஸ்) வளாகத்துல உக்காந்திருக்குற ஒருத்தர்தான் எடுக்குறார். அவர் பாப்பிரெட்டிப்பட்டி பாத்திருக்க மாட்டார், நல்லம்பள்ளி கேட்டிருக்க மாட்டார், அவர்கிட்ட போய் "அட நம்ம பெரிய புளியமரம் தாண்டி மேட்டுக் கொட்டாய்ங்க, யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க"ன்னா அவர் யாரக் கேப்பார்? மாவட்டம், தாலுகா, ஊர்னு அவர் ஒவ்வொண்ணா கேக்குறது ஏதோ ரேஷன் கார்டுக்கு விசாரிக்கிற மாதிரி நமக்கு இருக்கும், ஆனா அத வச்சுத்தான் கிட்ட இருக்குற வண்டிய பாத்து தள்ளி விடுறாங்க. அப்புறம் வண்டில இருக்குற இஎம்டி (வைத்தியம் பாக்குறவர், ஓட்டுறவர பைலட்னு சொல்றாங்க, ஏரோப்ளேன் மாதிரி) நம்ம நம்பருக்கு திருப்பி அடிப்பார். அந்த நேரம் நம்ம போன் பிஸியா இருக்கவே கூடாது. இது மட்டும் ஞாபகம் இருந்தா கூட போதும், மீதி மடல படிக்காட்டியும் பரவால்ல.

பதினொண்ணே காலுக்கு ரெண்டு வண்டிக்கும் ஒண்ணா கால். தர்மபுரி-சேலம் ரோட்டுல தொப்பூர் கணவாய்ல மினி லாரி ஒண்ணு முன்னாடி போன கன்டெய்னர் பின்னாடி சொருகிடுச்சு, டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டார். அந்த எறக்கத்த பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, 2020 டிசம்பர்ல வரிசையா வண்டிங்க மோதினதும் 2024 ஜனவரில லாரியும் காரும் மோதி எரிஞ்சதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறாங்க, கியர் இல்லன்னா இன்ஜின் வண்டிய புடிக்காது, மொத்த லோடையும் பிரேக்கே தாங்கணும், மிதிச்சு மிதிச்சு டிரம் சூடாகி கடைசில மிதிச்சாலும் புடிக்காது. சரி, அது லாரிக்காரங்களுக்கு தனியா எழுத வேண்டிய மடல்.

போன் போட்டவர் சொன்னது "தொப்பூர் பாலத்துகிட்ட ஆக்சிடென்ட்" அவ்வளவுதான். பைக்ல போனவராம், சொல்லிட்டு போயிட்டார், திருப்பி அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். சேலம் போற பக்கமா, தர்மபுரி வர்ற பக்கமா? நடுவுல தடுப்பு இருக்கு, எந்தப் பக்கம்னு தெரியாம போய் எதிர்ப்பக்கம் மாட்டினா அடுத்த திரும்புற எடம் வரைக்கும் போய்த்தான் வரணும். எறக்கத்துலதான் இருக்கும்னு பைலட் ஒரு கணக்குல சேலம் பக்கமே விட்டார், நல்ல வேளை சரியா இருந்துச்சு. தப்பா இருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன், அவர் பதில் சொல்லல, ஹாரன் அடிச்சார்.

அங்க போனா நாப்பது அம்பது பேர். அதுல பாதி போன் வெளிச்சம் வீடியோவுக்கு. நல்ல மனசுக்காரர் ஒருத்தர் டிரைவர கைய புடிச்சு வெளிய இழுத்துட்டு இருக்கார், இன்னொருத்தர் அரை மயக்கத்துல இருக்குறவர் வாயில தண்ணி பாட்டில வைக்கிறார். நல்லது பண்றோம்னுதான் பண்றாங்க, ஆனா கழுத்து எலும்பு அடிபட்டிருந்தா அந்த ஒரு இழுப்புல கை கால் வெளங்காம போயிடும், மயக்கத்துல இருக்குறவருக்கு ஊத்துற தண்ணி மூச்சுக்குழாய்க்கு போயிடும். இஎம்டி அக்கா (ஆமா, பொம்பளதான், நம்ம வீட்டு பொண்ணு வயசு) எல்லாரையும் ஒரே அதட்டுல நகத்திட்டு, ஜன்னல் வழியா உள்ள பூந்து டிரைவர் தலைய ரெண்டு கையாலயும் அசையாம புடிச்சுக்கிட்டு, அவருக்கு தமிழ் தெரியலன்னதும் தெலுங்குல பேச ஆரம்பிச்சாங்க. பேரு, ஊரு, எத்தன புள்ளங்க. தீயணைப்பு அண்ணனுங்க ஹைட்ராலிக் கட்டர வச்சு கதவ அறுத்து, ஸ்ப்ரெடரால டாஷ்போர்ட கொஞ்சம் கொஞ்சமா தூக்குற வரைக்கும், கிட்டத்தட்ட முக்கா மணி நேரம், அந்த அக்கா கைய எடுக்கல பேச்ச நிறுத்தல. அப்புறம் கழுத்துக்கு பட்டை, முதுகுக்கு பலகை, வண்டில ஏத்தியாச்சு. அவருக்கு ரெண்டு பொண்ணுங்கன்னு எனக்கு தெரியும், மூஞ்சிய சரியா பாக்கல.

போன் போட்டுட்டு ஓடிப்போன அந்த பைக்காரர் மேல எனக்கு கோவம் இல்ல. கேஸு சாட்சின்னு அலைய விடுவாங்கன்னு பயம். ஆனா 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 134ஏன்னு ஒரு பிரிவு சேத்திருக்காங்க, உதவி பண்றவர் பேர சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முதல் 48 மணி நேர வைத்தியச் செலவுக்கும் 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு. அதனால வண்டி வர்ற வரைக்கும் நில்லுங்க, எந்த ஊர் போற பக்கம்னு சொல்லுங்க, ரோட்டோரம் இருக்குற கிலோமீட்டர் கல்லு நம்பர சொல்லுங்க. ஹைவேக்குன்னே 1033னு ஒரு நம்பரும் இருக்கு.

மூணாவது கால் ரெண்டே முக்காலுக்கு. பாம்புக்கடி, தரைல படுத்திருந்த பையன். இது நம்ம பஞ்சாயத்துதான், அதனாலதான் இவ்வளவும் எழுதுறேன். சொன்ன அட்ரஸ் "மேட்டுக் கொட்டாய்". நம்ம பஞ்சாயத்துல மட்டும் மேட்டுக் கொட்டாய் மூணு, காட்டுக் கொட்டாய் ரெண்டு, எதுக்கும் போர்டு கெடையாது, வீடெல்லாம் காட்டுக்குள்ள ஒண்ணொண்ணா கெடக்கு. உள்ளூர்க்காரன் நான் வண்டில உக்காந்திருந்தும் முதல்ல தப்பான கொட்டாய்க்குத்தான் போனோம், நாய் கொலச்சதே தவிர ஒரு லைட் எரியல. திரும்பி மெயின் ரோட்டுக்கு வந்தப்ப தூரத்துல ஒரு தாத்தா நடு ரோட்டுல நின்னு டார்ச்ச சுத்திட்டு இருந்தார். யார் சொல்லியும் இல்ல, அவருக்கா தோணி நின்னிருக்கார். பையனுக்கு கடிச்ச எடத்துக்கு மேல கயிறு இறுக்கிக் கட்டி வச்சிருந்தாங்க, அதெல்லாம் கட்டவே கூடாது, கீறவும் கூடாது, காலை அசைக்காம வச்சு விஷமுறிவு ஊசி இருக்குற ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுதான் வழி. பையன் பொழச்சுட்டான், அவங்க வீட்ல கேட்டுக்கிட்டேன், நேத்து இட்லி சாப்ட்டானாம்.

இப்ப என் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பெரியப்பா வாய் கோணி விழுந்தப்ப போன் போட்டது நான்தான். அந்தப் பக்கம் பேசின பொண்ணு எந்த தாலுகான்னு கேக்க, "உயிர் போகுது தாலுகா கேக்குறியா"ன்னு கண்டபடி பேசினேன். ஏரிக்கரைன்னு மட்டும் சொன்னேன், வண்டி வேற ஏரிக்கரைக்கு போயிட்டு வந்துச்சு. பெரியப்பா இருக்கார், வலது கை மட்டும் இன்னும் தூக்க வரல. இத்தன நாளா வண்டிக்காரன் லேட்டுன்னுதான் ஊர் பூரா சொல்லிட்டு இருந்தேன்.

பஞ்சாயத்துல போர்டு வைக்கச் சொல்லி மனு குடுக்கலாம், குடுப்போம், அது வரும்போது வரட்டும். மஞ்சள் பெயின்ட் நாலு லிட்டரும் கருப்பு ஒரு லிட்டரும் நானே வாங்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு பால் சொசைட்டிகிட்ட வாங்க, ஒவ்வொரு கொட்டாய் திரும்புற எடத்துலயும் பாறையோ மதகோ கரன்ட் கம்பமோ (கம்பத்துக்கு லைன்மேன்கிட்ட கேட்டுட்டேன், பேர் மட்டும்னா சரின்னார்) எது இருக்கோ அதுல எழுதிடலாம். மூணு மேட்டுக் கொட்டாய்க்கும் என்ன பேர் வைக்கிறதுன்னு அந்தந்த கொட்டாய்க்காரங்க சனிக்கிழமைக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு வந்துடுங்க, அங்க வந்து நின்னுக்கிட்டு சண்ட போடாதீங்க. கையெழுத்து நல்லா இருக்குறவங்க யாராச்சும் கண்டிப்பா வேணும், என் எழுத்து எனக்கே புரியாது.