பெயர் போடாதே என்ற அண்ணனுக்கு

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடலாக எழுப்பும் என் கல்லூரி ப்ராஜெக்ட் ஒருவழியாக நகர ஆரம்பித்திருக்கிறது. காரணம், எங்கள் ஊர் பிரிண்டிங் கடையில் பழக்கமான ஓர் அண்ணன். பெயர் போடாதே என்றார். சரி, போடவில்லை.

1010-இல் நிறைவடைந்த அந்த விமானத்துக்கு 13 தளங்கள், ஏறக்குறைய 66 மீட்டர் உயரம். தளத்துக்குத் தளம் கர்ணகூடு, சாலை, பஞ்சரம் எனப்படும் குட்டிக் கோயில் வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும், மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே. எல்லாவற்றையும் தனித்தனி நகலாக வைத்தால் என் லேப்டாப் தாங்காது. அண்ணன் ஆல்ட்-டி அழுத்தி இணைப்பு நகல் எடுக்கச் சொன்னார். வடிவம் நினைவகத்தில் ஒருமுறைதான் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் திருந்திவிடும். அந்தக் காலத்துச் சிற்பிகள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்!

அப்புறம் அனிமேஷன். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் 30 விநாடிக்கு 720 படங்கள். ஒரு படத்தை லேப்டாப் உருவாக்க, அதாவது ரெண்டர் செய்ய, 4 நிமிடம் என்றால் 48 மணி நேரம். நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யாமல் தனித்தனி பிஎன்ஜி படங்களாகச் சேமிக்கச் சொன்னார். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம். கேமராவைப் பறக்கவிடாமல் ஆள் நடக்கும் கண் உயரத்தில், 1.6 மீட்டரில், நகர்த்தச் சொன்னதும் அவர்தான். விமானத்தின் பிரம்மாண்டம் அப்போதுதான் தெரிகிறது.

காசு எவ்வளவு என்று கேட்டதற்கு முறைத்தார்.

ரொம்ப நன்றி, அண்ணா. அடுத்தது நந்தி மண்டபம். நாயக்கர் காலத்துத் தூண்கள், வேலை அதிகம். சனிக்கிழமை ஃபைலோடு வருகிறேன், டீ என் செலவு.