முகத்தை மறைத்துவிட்டு மருமகனைப் பார்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

தங்கச்சிக்கு,

மருமகனின் ஹாக்கி பயிற்சிக்கு வந்த போட்டோக்காரர் அவனை எடுத்த 31 படத்தை நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணே, எல்லாமே நல்லாத்தான் இருக்கு. பிரிண்ட் போட எதை எடுக்கிறதுன்னு தெரியல, நாளைக்குள்ள சொல்லணுமாம்" என்று ஒரு வரி போட்டிருந்தாய். எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பெற்றவள் கண் அப்படி. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் தெரிவது அவன் சிரிப்பு, அதற்கப்புறம் வேறெதுவும் உன் கண்ணில் படாது. எனக்கும் இதே கதை நடந்தது. 1,800 ரூபாய் கொடுத்துத்தான் புத்தி வந்தது. போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னை மாதிரி மைதான வேலியோரம் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாலு பேருக்கும் ஆகட்டும் என்று எல்லோரும் படிக்கிற மாதிரியே போடுகிறேன். கோவித்துக்கொள்ளாதே.

என் பெரியவள் சிலம்பம் போகிறாள் இல்லையா, இரண்டு வருடத்துக்கு முன்னால் பயிற்சி நடக்கிற இடத்துக்கே ஒரு ஸ்டுடியோக்காரர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தார். பேர் வேண்டாம். ஒரு வாரம் கழித்து 12×18 அங்குல ஃப்ரேம் வந்தது. கம்பின் இரண்டு முனையிலும் தீ எரிகிறது. பின்னால் கறுப்பு மேகம், நீல மின்னல், ஓரத்தில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அவள் அதுவரை தீப்பந்தச் சிலம்பம் சுற்றியதே இல்லை. ஆனாலும் பார்த்தவுடனே எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்லமாட்டேன். உன் மதினி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள்.

அந்த வாரமே ஆசான் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரேமுக்கு முன்னால் நின்றார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை, நேராகக் காலைப் பார்த்தார். "ரெண்டு காலும் ஒரே கோட்டுல நிக்குதே, ஒரு தட்டுத் தட்டுனா விழுந்துருவா. கம்ப வேற கொடிக்கம்பம் மாதிரி பிடிச்சிருக்கா. என்கிட்ட படிக்கிற பிள்ளை இப்படி நிக்காதே" என்றார். அதற்கப்புறம்தான் நானும் காலைப் பார்த்தேன். ஷூ போட்டிருக்கிறாள்! சிலம்பத்தில் எங்கள் பிள்ளைகள் மண்ணில் வெறுங்காலோடுதான் நிற்கும். விசாரித்தால், வெறுங்கால் படத்துக்கு நல்லா இருக்காது என்று அந்த ஆள் வேறொரு பையனின் ஷூவைக் கழற்றி இவளுக்கு மாட்டியிருக்கிறார். இரண்டு சைஸ் பெரிது. (நம் மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ஓட்டக்காரி ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடிப் பழகித்தான் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரை போனார். வெறுங்காலில் என்ன அசிங்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.) கம்பின் மேல்முனை வேறு எடுக்கும்போதே படத்துக்கு வெளியே போயிருந்தது, வெட்டுப்பட்ட இடத்தில்தான் தீயை ஒட்டியிருந்தார்கள். அந்தத் தீ இல்லையென்றால் அது முடிகிற இடமே தெரிந்திருக்காது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் படமாக இருந்தாலும் முதலில் கட்டைவிரலால் பிள்ளையின் முகத்தை மறைத்துவிடுவேன். மிச்சத்தை மட்டும் பார்ப்பேன். தோள் சாய்கிற விதம், முழங்கால் மடங்கியிருக்கிறதா விறைத்திருக்கிறதா, விரல் எப்படிப் பிடித்திருக்கிறது. முகம் இல்லாமலே "இது நம்ம பிள்ளை" என்று சொல்ல முடிந்தால் அந்தப் படத்தில் ஏதோ இருக்கிறது. அந்த உடம்பின் மேல் யார் தலையை வைத்தாலும் பொருந்தும் என்றால் அது ஜெர்சி போட்ட பாஸ்போர்ட் போட்டோ. உன் 31-ல் இந்தச் சோதனையிலேயே இருபதுக்கு மேல் கழிந்துவிட்டது. எல்லாம் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அதே மாதிரி அவனுக்கு முன்னால் நின்றவனும் நின்றிருப்பான், பின்னால் நின்றவனும் நின்றிருப்பான்.

இப்போது ஏழாவது படத்தைத் திற. உனக்குப் பிடித்தது என்று இதயம் போட்டிருக்கிறாயே, அதேதான்.

மருமகனுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் இருக்கிறது? இடது. படத்தில் எங்கே இருக்கிறது? வலது. பெற்றவள் நீயே கவனிக்கவில்லை பார். மின்னல் ஒரு பக்கமும் ஸ்டேடியம் விளக்கு ஒரு பக்கமும் இருக்கிற டிசைன் அவர்களிடம் தயாராக இருக்கும், அதில் உட்காரவைப்பதற்காகப் பையனைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுவிட்டார்கள். பயிற்சி பனியனில் எழுத்தோ எண்ணோ இல்லை, அதனால் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, தட்டைப் பக்கத்தால்தான் பந்தை ஆட வேண்டும். இடக்கைக்காரனுக்கென்று ஆட்டத்தில் தனி மட்டை கிடையாது. எல்லோருக்கும் ஒரே அமைப்பு, இடது கை மேலே, வலது கை கீழே. ஏழாவது படத்தில் வலது கை மேலே இருக்கிறது. உலகத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் ஆட்டத்துக்கு ஆகிற அப்படியொரு மட்டை கிடைக்காது. அதைக் கொண்டுபோய் அவன் கோச்சிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் நம் மதுரையிலும் நடந்தபோது, ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்கு நானும் அவனும்தான் போனோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எந்தக் கை மேலே என்று என்னிடம் நாலு தரம் கேட்டான். அந்தப் பையனை இப்படித் திருப்பிப் போட்டால் அவனுக்கே பிடிக்காது. கேட்டுப் பார்.

அடுத்தது நிறம். இதில்தான் எனக்குக் கோபம் வரும்.

பன்னிரண்டாவது படத்தில் அவன் கன்னத்தையும் காதையும் பக்கத்தில் பக்கத்தில் பார். கன்னம் பால்கோவா நிறம், காது நம் வீட்டு நிறம். கழுத்தில் ஒரு கோடு ஓடுகிறது பார், அந்த இடத்தில் அவர்கள் கை ஓய்ந்துவிட்டது. நாலு மாசம் சாயங்கால வெயிலில் காய்ந்து பிள்ளை கறுத்திருக்கிறான். கழற்றினால் சாக்ஸ் அளவுக்கு வெள்ளைக் கோடு தெரிகிறது என்று நீயே சிரித்தாயே. அந்தக் கறுப்பு அவன் சம்பாதித்தது. அதை ஒரு இழுப்பில் துடைத்துவிட்டு, முழங்கால் சிராய்ப்பையும் அழித்துவிட்டு, ஏதோ ஒரு பையனை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பருவைத் தட்டிவிடுவது வேறு, அது நாலு நாளில் தானே போய்விடும். நிறத்தில் கை வைப்பது வேறு. முகத்தையும் காதையும், கன்னத்தையும் விரல் முட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், ஏமாற்று வேலை அங்கேயே தெரிந்துவிடும். தரையிலிருந்து ஏறுகிற சாயம் மட்டும் சரிசெய்ய வேண்டியதுதான். செம்மண் மைதானத்தில் எடுத்தால் தாடைக்குக் கீழே சிவப்பு ஏறும், நீலச் செயற்கைப் புல்லில் எடுத்தால் நீலம் ஏறும். தேர்ந்த ஆள் அதை மட்டும் எடுத்துவிட்டுத் தோலை அப்படியே விட்டுவிடுவார்.

இந்த மின்னலும் புலியும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இருபது வருடம் அச்சகத்தில் டிசைன் மேசையில் உட்கார்ந்தவன். காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர் இது. தாய்மாமன்களைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து நானே நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். ஃப்ளெக்ஸில் அது நடக்கும். பஸ்ஸில் போகிறவன் முப்பது அடி தள்ளி இரண்டு விநாடி பார்ப்பதற்காகச் செய்வது அது. முடியைச் சுற்றி வெட்டினது பிசிறாக இருந்தாலும், உருவம் கொஞ்சம் உடைந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. வீட்டுச் சுவரில் மாட்டுவது அப்படியில்லை. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பத்து வருடம் பார்க்கப் போகிறாய். காதுக்குப் பின்னால் தலைமுடி கத்தரியால் வெட்டின மாதிரி இருக்கிறதா, காலுக்குக் கீழே நிழல் விழுகிறதா இல்லை பையன் காற்றில் மிதக்கிறானா என்று அதில் கட்டாயம் தெரியும். உன் 31-ல் ஒன்பது படத்தில் மிதக்கிறான்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் எடுத்தது கண்ணுக்குக் கீழே பள்ளமாக, இரண்டு நாள் தூங்காதவன் மாதிரி இருக்கும். வேப்பமரத்துக்கு அடியில் எடுத்தால் முகத்தில் தேமல் மாதிரி புள்ளி புள்ளியாக வெயில் விழும். கண்ணின் கருவிழியில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு இருக்கிறதா என்று பார், அது இருந்தால் முகத்துக்கு நேரே வெளிச்சம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் பார்க்கலாம். நின்ற வாக்கில் மேலேயிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகித் தெரியும். முழங்கால் போட்டு உட்கார்ந்து எடுக்கிற போட்டோக்காரருக்குப் பேன்ட்டில் மண் ஒட்டியிருக்கும். நான் இப்போதெல்லாம் ஆளை அப்படித்தான் கணிக்கிறேன்.

தெளிவாக இருக்கிறதா என்பதை வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து முடிவு செய்யாதே. அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாகவோ டிரைவிலோ அனுப்பச் சொல், இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் பென் டிரைவ் கொடுத்துவிடு. திறந்து, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணைப் பெரிதாக்கு. இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தால் சரி. இமை மங்கலாக இருந்து பனியன் தையல் பளிச்சென்று தெரிந்தால் குறி தப்பியிருக்கிறது, அதை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஆனால் மட்டை நுனி கொஞ்சம் கலங்கியிருந்தால் தப்பென்று நினைக்காதே. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் சுழல்கிற கம்புகூட ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும், சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறானா வீசுகிறானா என்று தெரியாது. முகம் தெளிவாக இருந்து நுனி மட்டும் கலங்கியிருந்தால் அது எனக்குப் பிடிக்கும். உன் மதினிக்குப் பிடிக்காது. வீட்டில் இன்னும் வாதம் முடியவில்லை.

அப்புறம் அளவு. 12×18 போட வேண்டுமென்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் கோப்பு 3600-க்கு 5400 புள்ளி இருந்தால் சுத்தமாக வரும். சுவரில் மாட்ட 200 கணக்கே தாங்கும். அதற்கும் கீழே என்றால் பெரிசு கேட்காதே. பேக்கேஜில் 8×10 என்று போட்டிருக்கிறார்களே, அதில்தான் ஒரு சிக்கல். அவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கிற கேமராவில் படத்தின் நீள அகலம் மூன்றுக்கு இரண்டு. அதை முழுசாகப் போட்டால் 8×12 வரும். 8×10 என்றால் இரண்டு அங்குலம் வெட்டுப்படும். நின்றுகொண்டு சிரிக்கிற படத்தில் அது போனால் போகட்டும். மட்டையோ கம்போ இருக்கிற படத்தில் அந்த இரண்டு அங்குலத்தில்தான் நுனி இருக்கும். கீ செயின், காபி மக் எல்லாம் கணக்கிலேயே எடுக்காதே, ஆறு மாசத்தில் தேய்ந்துவிடும்.

போட்டோக்காரர் மேல் முழுப் பழியும் போட எனக்கு மனசு வரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு மணி நேரத்தில் எடு என்றால் ஒருத்தனுக்கு ஒன்றரை நிமிஷம். அதில் சிரி, நிமிரு, மட்டையைத் தோளில் வை, அடுத்த ஆள் வா. அடுத்த தடவை கோச்சிடம் சொல்லி, வரிசையில் நிற்கவைக்காமல் பயிற்சி நடக்கும்போதே அரை மணி நேரம் கேமராவோடு ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். கூடுதலாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

சரி, எதை எடுப்பது? பத்தொன்பது.

நீ அதை ஒதுக்கியிருப்பாய், எனக்குத் தெரியும். சிரிக்கவில்லை, தலை வேர்த்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் ஒரு ஆரஞ்சு கூம்பு வேறு விழுந்திருக்கிறது. ஆனால் முகத்தை மறைத்துவிட்டுப் பார். முழங்கால் இரண்டும் மடங்கி, இடது கை மேலே வலது கை கீழே, மட்டை தரையை ஒட்டி. பந்து வருகிறது, அதை நிறுத்தப் போகிறான். இப்போது விரலை எடு. நாக்கின் நுனி உதட்டின் இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. நாலு வயசில் நம் வீட்டுத் திண்ணையில் பம்பரத்துக்குக் கயிறு சுற்றும்போது இதே மாதிரிதான் நாக்கைக் கடிப்பான். நின்று போஸ் கொடு என்று சொன்னால் அந்த நாக்கு வராது.

பத்தொன்பதை 8×12 போடச் சொல். 8×10 என்றால் மட்டை நுனி போய்விடும், கண்டிப்பாகச் சொல்லிவிடு. நிறத்தில் கை வைக்க வேண்டாம், கூம்பையும் அழிக்க வேண்டாம் என்று எழுதியே கொடு. கோச்சிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் பணம் கட்டு, அவர் காலைப் பார்த்துத் தலையாட்டினால் போதும்.

அந்த இருபத்தி மூன்றாவது படம், கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிறானே, அதை அம்மா பார்த்தால் அதைத்தான் ஃப்ரேம் போட்டே ஆக வேண்டும் என்பார்கள். அவர்களிடம் போய் மட்டை, கால், வெளிச்சம் என்று ஆரம்பிக்காதே. ஒரு 4×6 போட்டு அவர்கள் பீரோவில் ஒட்டிக் கொடுத்துவிடு.

அண்ணன்